விஇ பம்ப் டைமிங் செட்: கேஜைவிட முதலில் பின்னைப் பாருங்கள்

டீசல் எஞ்சினுக்கு எரிபொருள் செலுத்தும் பாஷ் விஇ ரோட்டரி பம்புக்கு டைமிங் வைக்க (டீசல் பாயும் நேரத்தைச் சரிசெய்ய), பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு விற்கும் பெயர் இல்லாத செட் இது. மைக்கோ கம்பெனி 2008-லேயே பாஷ் என்று பெயர் மாறிவிட்டாலும் பட்டறையில் இன்னும் இதற்கு மைக்கோ பம்ப் என்றுதான் பெயர். பெட்டிக்குள் 10 மி.மீ. டயல் கேஜ் ஒன்று, அடாப்டர் ஒன்று, வெவ்வேறு நீளத்தில் பின்கள் (கேஜ் முனையில் மாட்டும் கம்பிகள்) இரண்டு மூன்று. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி உறுப்பு வரிசையாக உள்ள இன்லைன் பம்புக்கு மட்டும் டைமிங் வைப்பவர்களுக்கு இது பயன்படாது. அங்கே டீசல் வழிவது நிற்கும் இடத்தைப் பார்க்கும் ஸ்பில் முறையே போதும்.

கேஜ் சுமார்தான். ஒரு கோடு 0.01 மி.மீ., முள் ஒரு சுற்று வந்தால் 1 மி.மீ. தண்டை விரலால் அழுத்தி நாலைந்து முறை விட்டால் முள் ஒவ்வொரு முறையும் ஒரே கோட்டுக்குத் திரும்ப வேண்டும். இரண்டு கோடு தள்ளி நின்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். தண்டு 8 மி.மீ. என்பதால் பட்டறையில் நல்ல கேஜ் இருந்தால் அதையே அடாப்டரில் மாட்டலாம். அப்படிச் செய்வதே நல்லது.

அடாப்டர் மரை எம்8, பிட்ச் 1. கடையில் கிடைக்கும் சாதாரண எம்8 போல்ட்டின் பிட்ச் 1.25. மரை கையாலேயே சுலபமாக ஏற வேண்டும். இறுகினால் அங்கேயே நிறுத்துங்கள். ஸ்பேனர் போட்டு ஏற்றினால் பம்ப் ஹெட்டின் மரை போய்விடும்.

விஷயம் பின்னில்தான் இருக்கிறது. நாலு டெலிவரி யூனியன்களுக்கு நடுவில் இருக்கும் சின்ன போல்ட்டைக் கழற்றி அடாப்டரை மாட்டி, அந்தப் பின், பம்புக்குள் முன்னும் பின்னும் நகர்ந்து டீசலைத் தள்ளும் பிளஞ்சரைத் தொட்டதும் கேஜ் 2 முதல் 2.5 மி.மீ. வரை அழுந்தியிருக்கும்படி வைக்க வேண்டும். பிறகு எஞ்சினை ஓடும் திசைக்கு எதிராக மெதுவாகச் சுற்றினால் முள் இறங்கி ஓரிடத்தில் நிற்கும். பிளஞ்சர் அடிக்கு வந்துவிட்டது. அங்கே டயலைப் பூஜ்யத்தில் வைக்கலாம். பின் குட்டையாக இருந்தாலும் முள் இதே போல நிற்கும். ஆனால் அது பின் பிளஞ்சரை விட்டு விலகியதால் நிற்பது. அந்தப் பூஜ்யம் பொய், அதன்மேல் வரும் ரீடிங் எல்லாம் குறைவாகக் காட்டும். அதை நம்பி அட்வான்ஸ் செய்தால் (டீசல் பாயும் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவந்தால்) எஞ்சின் தட்டும். டயலின் சின்ன முள் அந்த நிலையிலும் 1 மி.மீ.க்குக் குறையாமல் அழுத்தம் காட்டினால் பூஜ்யத்தை நம்பலாம். இந்தச் செட்டின் குட்டைப் பின் பல சமயம் அதைத் தருவதில்லை. நீளப் பின்னைப் போடுங்கள்.

அடுத்து எஞ்சின் ஓடும் திசையில் சுற்றி, முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் டிடிசி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) குறிக்குக் கொண்டுவந்து ரீடிங் எடுங்கள். குறியைத் தாண்டிவிட்டால் கொஞ்சம் பின்னால் சுற்றி நிறுத்தக் கூடாது. கால் சுற்றாவது பின்வாங்கி மறுபடி முன்னால் வர வேண்டும், இல்லையென்றால் கியர், பெல்ட் தளர்வும் ரீடிங்கில் சேர்ந்துவிடும். கோல்டு ஸ்டார்ட் லீவர் உள்ள பம்பில் அதை முழுக்க விடுவித்துவிட்டுத்தான் கேஜ் மாட்ட வேண்டும்.

அளவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். ஃபோக்ஸ்வாகனின் பழைய 1.6 டீசல் சிலவற்றில் 0.90 மி.மீ.; உங்கள் எஞ்சினுக்கு மேனுவல் சொல்வதுதான். ரீடிங் அதைவிடக் கூடினால் அட்வான்ஸ்: தட்டல் சத்தம் கடுமையாகும். குறைந்தால் ரிடார்டு (நேரம் பிந்துகிறது): குளிரில் ஸ்டார்ட் ஆகாமல் வெள்ளைப் புகை, இழுவை குறைவு. பம்ப் ஷாஃப்ட் சுற்றும் திசைக்கு எதிராக பாடியைத் திருப்பினால் அட்வான்ஸ் ஆகும். பம்ப் 1 டிகிரி திரும்பினால் கிராங்கில் 2 டிகிரி என்பதால் மயிரிழை அளவுதான் நகர்த்த வேண்டும். பின்பக்க பிராக்கெட்டையும் தளர்த்துங்கள். பைப்புகள் இழுத்துப் பிடித்தால் யூனியன் நட்டுகளையும். நட்டுகளை இறுக்கும்போது ரீடிங் இரண்டு மூன்று கோடு நகரும், ஆகவே இறுக்கியபின் இன்னொரு முறை சுற்றி அளந்தே ஆக வேண்டும்.

வாரம் ஒரு பம்பாவது வரும் பட்டறைக்கு இந்தச் செட்டை வாங்கலாம், கேஜுக்காக இல்லை, அடாப்டருக்காக. போல்ட்டைத் திரும்பப் போட புது காப்பர் வாஷர் வேண்டும். அது பெட்டியில் வராது. தனியாக வாங்கி வைத்துக்கொண்டு பிறகு கழற்றுங்கள்.