ஒன்றரை மணி நேரத் தூண்டில்: கட்டிவைத்த ராடா, மடக்கு ராடா, கைநரம்பா?

முதல் நாள் இரவே மூட்டை கட்டி, விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி, நாள் முழுக்கக் கரையில் உட்கார்ந்து மீன் பிடிப்பது ஒரு வகை. அதற்கு எந்தச் சாமான் இருந்தாலும் ஓடும். நான் சொல்ல வந்தது வேறு. மாலை 5 மணிக்கு வேலை முடிகிறது, மழை இல்லை, தண்ணீர் ஏறுகிற நேரம். 'ஒரு எட்டு போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு வரலாமே' என்று தோன்றுகிறது. அந்த மாதிரிப் போக்குக்கு எந்தச் சாமான் தோது என்பதுதான் கேள்வி.

எனக்கு வாய்த்த இடம் கேளம்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் நடுவில் இருக்கிற உப்பங்கழி. வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் 20 நிமிடம். ஜூலையில் 6.40 வரை சூரியன் இருக்கும். நவம்பர் கடைசியில் 5.40க்கே விழுந்துவிடும். அதற்கப்புறம் கொஞ்சம் மங்கல் வெளிச்சம். ஆக, நல்ல மாதத்திலேயே கையில் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். அதில் கால் மணி நேரத்தை முடிச்சுப் போடுவதிலேயே கழித்தால் எப்படி?

நான் கழித்திருக்கிறேன். மூன்று அடுக்குப் பெட்டி ஒன்று வாங்கிய புதிதில், கரையில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு எந்த லூரை, அதாவது எந்தச் செயற்கை இரையைக் கட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பாட்டிலில் நரம்பு சுற்றி வைத்திருந்த பெரியவர் அதற்குள் இரண்டு கிழங்கான் எடுத்துவிட்டார். "இன்னா தம்பி, நீ முடிச்சு போட்டு முடியறதுக்குள்ள தண்ணி வத்திடும் போலக்கீதே" என்றார். அன்றிலிருந்து எல்லாச் சாமானையும் ஒரே கணக்கில்தான் அளக்கிறேன்: போகலாம் என்று தோன்றியதிலிருந்து தூண்டில் முள் தண்ணீரில் விழுகிற வரை எத்தனை நிமிடம்?

அந்தப் பெரியவரின் வழியான கைநரம்பிலிருந்தே தொடங்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், 50 மீட்டர் தங்கூசி (நைலான்) நரம்பு, ஒரு ஈயக்குண்டு, இரண்டு முள். நரம்பு 0.45 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் கைக்கும் இதம், சிக்கும் குறைவு. பாட்டிலின் அடிப்பக்கத்தைத் தண்ணீரைப் பார்க்க இடது கையில் நீட்டிப் பிடித்து, வலது கையால் குண்டைச் சுழற்றி விட்டால், ராடில் மாட்டுகிற ஸ்பின்னிங் ரீல் சக்கரத்தில் இருந்து உருவிக்கொண்டு போவதைப் போலவே நரம்பு போகும். 20, 25 மீட்டர் தாராளம். திரும்பச் சுற்றிய பிறகு சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு வளையத்தை மேலே மாட்டினால் முள்ளும் குத்தாது, நரம்பும் அவிழாது. மொத்தச் செலவு 150 ரூபாயைத் தாண்டாது. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் ரெயின்கோட்டோடு ரெயின்கோட்டாகக் கிடக்கும்.

கரைக்குப் போய் ஒரே நிமிடத்தில் தண்ணீரில் முள். இந்த ஒரு விஷயத்தில் கைநரம்பை எதுவும் ஜெயிக்க முடியாது. அதோடு, மீன் மூக்கை வைக்கிறதே, அந்தச் சின்னத் தட்டல் விரலுக்கு நேராக வந்துசேரும். ராடு நுனியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிய வேலை இல்லை. கிழங்கான், கெளுத்தி, ஜிலேபி என்று அந்தக் கழியில் சாதாரணமாகக் கிடைப்பதற்கு இதுவே போதும்.

குறை எங்கே தெரியும் என்றால், கொடுவா அடிக்கும்போது. இரண்டு கிலோ கொடுவா ஒரு இழுப்பு இழுத்தால் நரம்பு விரலைக் கத்தி மாதிரி அறுக்கும். மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்க, ரீலில் இருப்பது போல டிராக் கிடையாது, விரல்தான் டிராக். டியூப் ரப்பரை விரலுக்கு உறையாக மாட்டிக்கொண்டால் கொஞ்சம் தாங்கும். லூர் போட்டு இழுப்பதற்கும் இது சரிப்படாது. சுற்றுகிற வேகம் சீராக வராது.

அடுத்தது மடக்கு ராடு. இதில் இரண்டு சாதி. ஒன்றுக்குள் ஒன்று உருவி நீட்டுகிற டெலஸ்கோப்பிக், நான்கு துண்டாகக் கழற்றிச் செருகுகிற டிராவல் ராடு. கடையில் பார்க்கும்போது டெலஸ்கோப்பிக்தான் மனதை இழுக்கும். முழம் நீளத்துக்கு மடங்குகிறது, இழுத்தால் ஏழடி. அவசரப் போக்குக்கென்றே செய்த மாதிரி இருக்கும். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

நடைமுறை வேறு. ராடின் மேல் நரம்பு ஓடுகிற வளையங்களில் கோத்தபடியே மடக்கினால், வளையத்துக்கு வளையம் நரம்பு தொங்கி, அடுத்த முறை நீட்டும்போது அது ராடு நுனியைச் சுற்றிக்கொண்டு நிற்கும். நரம்பை எடுத்துவிட்டு மடக்கினால், ஒவ்வொரு முறையும் எல்லா வளையத்திலும் திரும்பக் கோக்க வேண்டும். நுனித் துண்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக நீட்டி, வளையங்களை ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். ஒன்று கோணலாக நின்றாலும் வீச்சு போய்விடும். கழிக்கரையின் பொடி மணல் பூட்டுக்குள் புகுந்தால் கதை முடிந்தது. என்னுடையது ஒரு நாள் மடங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஏழடி ராடை நெட்டுக்குத்தலாகப் பிடித்துக்கொண்டு, ஸ்கூட்டரை ஒற்றைக் கையால் ஓட்டி வருகிற வீரம் எனக்கு இல்லை. பக்கத்து டீக்கடையில் வைத்துவிட்டு வந்து, மறுநாள் ஆட்டோவில் போய் எடுத்துவந்தேன். சமாதானமாகச் சொல்வதென்றால், தோட்டத்துக் கிணற்றில் பிள்ளைகளோடு ஜிலேபி பிடிக்க அது போதும். உப்புத் தண்ணீருக்கும் மணலுக்கும் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நான்கு துண்டு ராடு நல்ல சாதிதான். ஏழடி ராடு கழற்றினால் இரண்டு அடிக்குள் அடங்கும், முதுகுப் பையில் போகும், ரயிலில் ஊருக்குப் போகும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் செருகி, ரீல் மாட்டி, கோத்து, முடிச்சுப் போட எனக்கு 7 நிமிடம் ஆகிறது. கடிகாரம் வைத்தே பார்த்தேன். கண்ணாடி இல்லாமல் மாலை வெளிச்சத்தில் கோத்தால் 10. போகும்போது 7, இருட்டில் கழற்றி வைக்க இன்னொரு 5. பயணத்துக்கு ராஜா, மாலைநேரத்துக்குச் சுமார்.

மூன்றாவது, எல்லாம் கட்டி வீட்டு மூலையில் சாத்திவைத்த ராடு. ரீல் மாட்டியிருக்கும், லூர் தொங்கும், எடுத்தால் வீசலாம். கேட்க எவ்வளவு சுகம்! அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் ஏழடி முழு ராடை லிஃப்டில் கொண்டுபோய்ப் பார்க்கட்டும். கதவிடுக்கு, ஓடுகிற மின்விசிறி, அப்புறம் வீட்டுப் பிள்ளைகள். ராடு நுனி உடைவது மீனால் அல்ல, பெரும்பாலும் வீட்டுக்குள்தான்.

அதைவிடக் கண்ணுக்குத் தெரியாத சேதம் ஒன்று உண்டு. லூரின் முள்ளை வளையத்தில் மாட்டி, நரம்பை விறைப்பாக இழுத்து வைப்பது பலருக்கும் பழக்கம். அந்த வளையத்துக்குள் இருக்கிற பீங்கான் பட்டை மெல்லியது. முள் அதில் இடித்து இடித்து மயிரிழை விரிசல் விழும். பார்த்தால் தெரியாது. ஒரு பஞ்சை எடுத்து வளையத்துக்குள் சுற்றித் தடவினால், விரிசல் இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். எனக்கு இது தெரியாத காலத்தில் ஒரே மாலையில் இரண்டு முறை நரம்பு அறுந்தது. நரம்பு விற்ற கடையைத் திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பாவம், தப்பு என் வளையத்தில்.

மூன்றையும் புழங்கிப் பார்த்த பிறகு நான் நின்றது நான்காவதாக ஒன்றில். கட்டியும் கட்டாமலும் என்று சொல்லலாம். ஆறடி ராடு, இரண்டே துண்டு. ரீல் மாட்டியபடி, நரம்பு கோத்தபடி, நடுவில் மட்டும் கழற்றி, இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலும் கீழும் டியூப் வளையம் போட்டுவிடுவேன். நுனியில் லூர் இருக்காது. நரம்பு முறுக்காமல் சுழன்றுகொடுக்கிற ஒரு கொக்கி ஸ்விவல் மட்டும். மூன்றடிக் கட்டாக ஸ்கூட்டரில் காலடியில் சாய்ந்து நிற்கும். கரையில் வளையத்தை உருவு, செருகு, லூரைக் கொக்கியில் மாட்டு. ஒன்றரை நிமிடம். மடக்கு ராடின் அடக்கமும் கட்டிவைத்த ராடின் வேகமும் ஓரளவு சேர்ந்து வருவது இதில்தான்.

ரீலில் என்ன நரம்பு என்பதும் இங்கே முக்கியம். வாரம் இரண்டு வாரம் சும்மா கிடக்கிற ரீலில் தங்கூசி, ஸ்பிரிங் மாதிரி சுருள் பிடித்துவிடும். முதல் பத்து வீச்சு அதை நேராக்குவதிலேயே போகும். ஒன்றரை மணி நேரத்தில் பத்து வீச்சு பெரிய விலை. இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்புக்கு அந்தச் சுருள் கிடையாது. அதனால் ரீலில் 20 பவுண்டு பிரெய்டு, அதன் நுனியில் ஒரு முழம் 30 பவுண்டு தங்கூசி. கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி. வெறும் பிரெய்டு அதில் உரசினால் அவ்வளவுதான். வெயிலில் நின்ற ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் கிடக்கிற கைநரம்பை வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. சூடு தங்கூசியைத் தின்றுவிடும்.

பெட்டியா, பையா என்ற விவாதத்தை நீட்ட வேண்டாம். அந்த மூன்று அடுக்குப் பெட்டி இப்போது பரணில். பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றுதான் என் பெட்டி. உள்ளே ஹவாய் செருப்பின் அடியில் வெட்டிய இரண்டு துண்டு. ஒரு துண்டின் ஓரத்தில் கீறல் போட்டு, முள்ளும் ஸ்விவலும் கட்டி முடித்த தங்கூசித் துண்டுகள் ஐந்தாறைச் சுற்றி, முள்ளை ரப்பரிலேயே குத்தி வைத்திருப்பேன். பேத்தை மீன் கூட்டம் வந்துவிட்டால் அரை மணி நேரத்தில் நான்கு முள்ளைக் கடித்துக்கொண்டு போகும். அப்போது இந்தத் துண்டுதான் காப்பாற்றும். இன்னொரு துண்டில் இரண்டு ஜிக் தலை (எடை வைத்த முள்), ஒரு உலோக லூர். ரப்பர் இறால்களை மட்டும் அவை வந்த உறையிலேயே வைக்க வேண்டும். அவசரத்தில் நான் ஒருமுறை பெயின்ட் அடித்த கட்டை லூரோடு சேர்த்து வைத்து, ஒரு வாரம் கழித்துத் திறந்தால், இரண்டும் உருகி ஒட்டி ஒரே பிராணியாக இருந்தன.

இரை விஷயத்தில் என் ஓட்டு லூருக்கு. இறால் வாங்கச் சந்தைக்குப் போனால் 20 நிமிடம் போச்சு. தோல் உரித்த இறாலைக் கல்லுப்பில் புரட்டி டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் நாள்பட நிற்கும், முள்ளில் இறுக்கமாகவும் உட்காரும். எங்கள் வீட்டு ஃப்ரீசரில் அந்த டப்பா இருக்கலாமா கூடாதா என்பது இன்னும் தீர்ப்பு வராத வழக்கு. கைநரம்புக்காரர்களுக்கு அதை விட்டால் சப்பாத்தி மாவு இருக்கிறது. ஜிலேபி அதில் மயங்கும்.

இந்த ஒப்பீடு எல்லாமே, சாமான் வீட்டுக்குத் திரும்பி வந்த அன்று இரவு என்ன ஆகிறது என்பதில்தான் நிற்கிறது. கழித் தண்ணீரில் உப்பு. களைத்து வந்து, ராடை அப்படியே சாத்திவிட்டுப் படுத்த இரவுகள் எனக்கு ஒரு ரீல் விலைக்கு ஆகியிருக்கின்றன: நரம்பு ஓடுகிற குட்டி உருளை இறுகிப்போய், அடுத்த முறை அது சுழலாமல் நரம்பைத் தேய்த்தே அறுத்தது. இப்போது 10 நிமிடம் ஒதுக்குகிறேன். டிராக் திருகை இறுக்கிக்கொண்டு, குழாயை மெல்லத் திறந்து மேலாக அலசல். பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போய்விடும். உதறித் துடைத்த பிறகு திருகைத் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே உள்ள வாஷர்கள் நசுங்கியே இருக்கும். உரசல் பட்ட தங்கூசி நுனியை வெட்டி, செருப்புத் துண்டிலிருந்து புதிதாக ஒன்று மாட்டி, வளையம் போட்டுக் கட்டு. அடுத்த முறை 5 மணிக்கு ஆசை வரும்போது செய்ய வேண்டியது எதுவும் மிச்சம் இருக்காது. கைநரம்புக்கு இதில் ஒரு குவளை நல்ல தண்ணீர் போதும்; அங்கேயும் அது முந்திக்கொள்கிறது.

புதிதாக ஆரம்பிக்கிறவர் கேட்டால் கைநரம்பு வாங்குங்கள் என்பேன். ஆறு மாதம் அதில் விரல் பழகட்டும். அப்புறமும் கொடுவா ஆசை இருந்தால் ஆறடி இரண்டு துண்டு. நான்கு துண்டு, வெளியூர் போகிறவர்களுக்கு. ஏரி குளங்களுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: பல ஏரிகளில் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, குத்தகைக்கு விடப்பட்டிருக்கும், குத்தகைதாரர் அனுமதி இல்லாமல் முள்ளைப் போட்டால் சண்டைதான்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் என் வரிசை மாறும், கைநரம்புதான் முதலில். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். வெட்டவெளிக் கழிக்கரையில், வானம் கறுத்துத் தூரத்தில் இடி கேட்கும்போது அதைத் தூக்கிப் பிடித்து நிற்பது புத்திசாலித்தனம் அல்ல. மின்கம்பி போகிற இடத்துக்குக் கீழே எந்த மாதத்திலும் அல்ல. இடி கேட்டால் கைநரம்பையும் சுற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அதையாவது அரை நிமிடத்தில் சுற்றிவிடலாம். போன வருடம் அப்படி ஓடிப்போய் நின்றது, என் டெலஸ்கோப்பிக்கை ஒரு ராத்திரி வைத்திருந்த அதே டீக்கடைதான்.