பாட்காஸ்ட்டுக்கு முதல் மைக்: கண்டென்சரா, டைனமிக்கா?

பாட்காஸ்ட்டின் பெயர், லோகோ, எந்தத் தளத்தில் ஏற்றுவது என்பதையெல்லாம் பாதி வழியில்கூட மாற்றிக்கொள்ளலாம். கிணற்றுக்குள்ளிருந்து பேசியது போலப் பதிவான குரலைத்தான் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அதனால் மைக்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். நான் கண்டென்சர், டைனமிக் என்ற இரண்டு வகை மைக்குகளிலும் பேசிப் பார்த்துவிட்டு டைனமிக் மைக்கோடு நின்றுவிட்டவன். நடுநிலையான தீர்ப்பை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

கண்டென்சரின் பெருமை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நுணுக்கமாகப் பிடிக்கும், குரலில் ஒரு பளபளப்பு இருக்கும். ப்ளூ யெட்டி மாதிரியான யுஎஸ்பி மைக் என்றால் மேசையில் வைத்துக் கணினியில் சொருகினால் போதும். எக்ஸ்எல்ஆர் (ஸ்டுடியோக்களில் பயன்படும் மூன்று முனை இணைப்பு) வகை கண்டென்சருக்குக் கேபிள் வழியாகவே செல்லும் 48 வோல்ட் மின்சாரமான ஃபேன்டம் பவர் வேண்டும், அதைத் தரும் இன்டர்ஃபேஸும், அதாவது மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியும் வேண்டும். டைனமிக்குக்கு ஃபேன்டம் பவர் தேவையில்லை. சாம்சன் க்யூ2யூ, ஆடியோ டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் போன்றவற்றில் யுஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டுமே உண்டு. இன்று நேராகக் கணினியில் சொருகலாம், நாளை இன்டர்ஃபேஸ் வாங்கினாலும் அதே மைக் உதவும்.

இதெல்லாம் சில்லறை விஷயம். முடிவு செய்ய வேண்டியது நீங்கள் பேசப்போகும் அறை. நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் ‘ட்ரிங்’ என்று ஒரு வால் நீண்டால், அந்த வால் உங்கள் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் வரும். மின்விசிறி மாதிரி ஒரே சீராக வரும் இரைச்சலை ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டிங் மென்பொருளில் ஓரளவு எடுத்துவிடலாம். பேசாத சில நொடிகளைக் காட்டி, ‘இதுதான் இரைச்சல்’ என்று சொன்னால் அது கழித்துவிடும். எதிரொலி அப்படியில்லை. ஒரு எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் மேல் படிந்து கிடக்கும். வெட்டப் போனால் குரலும் சேர்ந்து போகும். அடோபியின் ‘என்ஹான்ஸ் ஸ்பீச்’ மாதிரியான ஏஐ கருவிகள் ஆச்சரியமாகச் சுத்தம் செய்கின்றன, உண்மைதான். ஆனால் சில இடங்களில் பேசுவது நீங்களா, வேறு யாரோவா என்று சந்தேகம் வந்துவிடும். ஒவ்வொரு வாரமும் அந்தச் சந்தேகத்தோடு எடிட்டிங்கில் உட்கார்ந்தால், பாட்காஸ்ட் ஆரம்பித்த உற்சாகம் சீக்கிரமே வடிந்துவிடும்.

டைனமிக் மைக் அறைச் சத்தத்தை வடிகட்டிவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. எது குரல், எது எதிரொலி என்று எந்த மைக்குக்கும் தெரியாது. டைனமிக்குக் கொஞ்சம் காது மந்தம், வாயை நாலு விரல் தூரத்தில் வைத்தால்தான் நன்றாகக் கேட்கும். அந்த நெருக்கம்தான் உண்மையில் வேலை செய்கிறது. தூரம் இரட்டிப்பானால் நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபல் குறைகிறது, அறையின் எதிரொலியோ கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. மேசைமேல் இரண்டு சாண் தள்ளி நிற்கும் கண்டென்சருக்கு உங்கள் குரலும் சுவரும் ஏறக்குறைய ஒன்றுதான். அதையும் கை போல நீளும் ஸ்டாண்டில் மாட்டி வாயருகே கொண்டுவந்து, கெயினை (மைக்கின் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற அளவை) குறைத்தால் நிலைமை நிறையத் தேறும். என்ன, எச்சில் சத்தமும் மூச்சும்கூடத் துல்லியமாக விழும்.

டைனமிக்கில் குறை இல்லாமல் இல்லை. குறிப்பைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் குரல் சட்டென்று தேய்ந்துவிடும். ‘பாட்டி’, ‘புத்தகம்’ என்று ‘ப’வில் தொடங்கும் சொற்கள் காற்றோடு வந்து ‘டம்’மென்று மோதும். பஞ்சு உறை ஒன்றைப் போட்டு, மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுச் சாய்த்துவிட்டால் சரியாகிவிடும். அப்புறம், பதிவாகும் அலை ஒல்லியாகத் தெரிகிறதே என்று பதற வேண்டாம். எடிட்டிங் முடிந்தபின் ஆப்பிள் பரிந்துரைக்கும் −16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு உயர்த்திக்கொள்ளலாம். ஆனால் வீடியோக்களில் எல்லோரும் வைத்திருக்கிறார்கள் என்று ஷூர் எஸ்எம்7பி என்ற டைனமிக் மைக்கில் ஆரம்பிக்காதீர்கள். அதற்கு 60 டெசிபல் அளவுக்குக் கெயின் தேவை. சாதாரண இன்டர்ஃபேஸை அவ்வளவு திருகினால் ‘உஸ்’ஸென்று இரைச்சலும் கூடவே ஏறும்.

நான் பெரும்பாலும் தனியாகப் பேசுகிறவன். ஒரே அறையில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து பேசும் நிகழ்ச்சியில் என் அனுபவம் குறைவு. ஆளுக்கொரு டைனமிக் மைக், நடுவில் ஒரு இன்டர்ஃபேஸ் என்பதே பரவலான வழக்கம். ஒரே கணினியில் இரண்டு யுஎஸ்பி மைக்குகளை மாட்டி ஒன்றாகப் பதிவு செய்வது தலைவலி பிடித்த வேலை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

கை தட்டினால் வால் இல்லாத அறை உங்களுக்கு இருந்தால், திரைச்சீலை, மெத்தை, துணி அலமாரி என்று நிறைந்த அறை என்றால், தாராளமாகக் கண்டென்சர் வாங்குங்கள். ஒலி நாடகம் மாதிரி முயற்சிகளுக்கு அதன் நுணுக்கம் கைகொடுக்கும். எதை வாங்கினாலும் மைக்கிலேயே ஹெட்போன் மாட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பேசும்போதே உங்கள் குரல் தாமதமில்லாமல் காதில் விழும், வாய் மைக்கை விட்டு விலகியது உடனே தெரிந்துவிடும்.