ஃபோல்ட்ஸ்கோப்: உயிரைத் தேடிப் பார்க்க ஒரு காகித நுண்ணோக்கி

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கி, 2014இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட காகித நுண்ணோக்கி இது. 140 மடங்கு பெரிதாக்கும். 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு) வரை பிரித்துக் காட்டும். 'உயிருள்ளது என்று எதைச் சொல்வது?' என்ற கேள்வியை இயற்பியல் ஒரு விதமாகக் கேட்கும், வேதியியல் வேறு விதமாக, உயிரியல் இன்னொரு விதமாக. துறைக்கு ஒரு சோதனை வைத்தால் கருவி எதில் தேறுகிறது, எதில் கோட்டை விடுகிறது என்று பார்ப்போம்.

முதலில், பலரும் தடுக்கி விழும் இடம். ஸ்லைடைத் தலைகீழாகச் செருகினால் எவ்வளவு நகர்த்தினாலும் மங்கல்தான். உள்ளே இருப்பது ஒரு கண்ணாடி மணி லென்ஸ். பொருள் அதிலிருந்து ஏறக்குறைய அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் தெளிவாகத் தெரியும். ஸ்லைடின் கனமோ 1 மில்லிமீட்டர். ஆகவே மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடித் தகடான கவர்ஸ்லிப் எப்போதும் லென்ஸ் பக்கம் பார்த்திருக்க வேண்டும். மடிப்புகளை நகத்தால் நன்றாக அழுத்திவிடுங்கள். தளர்ந்த மடிப்பு ஃபோகஸை நிற்கவிடாது. வெளிச்சத்துக்கு ஜன்னலோ டார்ச்சோ போதும். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது.

இயற்பியலுக்குப் பால். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டுப் பால் கலந்து, அதிலிருந்து ஒரு சொட்டு எடுங்கள். கொழுப்புத் துகள்கள் நின்ற இடத்திலேயே நடுங்க வேண்டும். 1827இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் மகரந்தத்தின் உள்துகள்களில் இதே நடுக்கத்தைக் கண்டு, உயிரின் அடையாளமோ என்று ஐயப்பட்டார். பிறகு கண்ணாடித் தூளையும் கல் தூளையும் போட்டுப் பார்த்தார், அவையும் நடுங்கின. நீர் மூலக்கூறுகள் மோதுவதே காரணம் என்பதற்கு ஐன்ஸ்டைன் 1905இல் கணக்குப் போட்டுக் காட்டினார். அசைவதெல்லாம் உயிரல்ல என்ற பாடம் அருமையானது. கருவிதான் இதில் சுமார். துகள்களில் பெரும்பாலானவை 2 மைக்ரானை ஒட்டியோ அதற்குக் கீழோ இருப்பதால் நடுக்கம் லேசாகவே தெரியும். எல்லாத் துகளும் ஒரே பக்கம் ஓடினால் அது வேறு கதை: ஓரத்தில் நீர் ஆவியாவதால் வரும் ஓட்டம். கவர்ஸ்லிப் விளிம்பில் வாசலின் பூசினால் நின்றுவிடும்.

வேதியியலுக்கு ஈஸ்ட். அரை கப் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் ஈஸ்ட், ஒரு டீஸ்பூன் சர்க்கரை. 15 நிமிடம் வையுங்கள். அதில் பாதியைக் கொதிக்க வைத்து ஆற விடுங்கள். இரண்டையும் பார்த்தால் ஒரே மாதிரி உருண்டைகள்தான், எது செத்தது என்று தெரியாது. மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் மெத்திலீன் புளூ இங்கே கைகொடுக்கும். 1 சதவீதக் கரைசல் என்றால் 10 மில்லி நீருக்கு 4 சொட்டு; அதில் ஒரு சொட்டும் ஈஸ்ட் நீர் ஒரு சொட்டும் கலக்க வேண்டும். உயிருள்ள செல் சாயத்தை நிறமிழக்கச் செய்துவிடும், செத்தது நீலமாகவே நிற்கும். பத்து நிமிடத்துக்குள் பார்த்துவிடுங்கள். தாமதித்தால் உயிருள்ளவையும் நீலமாகி முடிவைக் குழப்பும். இத்தனைக்கும் ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும் நொதித்தல் உயிரின் தனிச்சொத்து அல்ல. ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்த, செல்லே இல்லாத சாறும் சர்க்கரையை நொதிக்க வைக்கும் என்று 1897இல் ஜெர்மானிய வேதியியலாளர் எட்வர்ட் பூக்னர் காட்டிவிட்டார்.

உயிரியலுக்குச் சுவர்ப்பாசி. கருவி ஜொலிப்பது இதில்தான். மதில்மேல் காய்ந்து கிடக்கும் பச்சைப் பாசியில் ஒரு ரூபாய் நாணய அளவு பெயர்த்து, மழைநீரிலோ கிணற்று நீரிலோ ஓர் இரவு ஊற வையுங்கள். குளோரின் கலந்த குழாய் நீர் வேண்டாம். காலையில் பாசியைப் பிழிந்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, அடியில் படிந்ததைச் சொட்டுக்குழாயால் எடுங்கள். கவர்ஸ்லிப்பின் நான்கு மூலையிலும் துளி வாசலின் வைத்தால் பிராணிகள் நசுங்காது. முன்னந்தலையில் சக்கரம் சுழல்வதுபோல மயிரிழைகள் ஆட, அட்டை மாதிரி நீண்டு சுருங்கி நகர்வது ரோட்டிஃபர். அதிர்ஷ்டம் இருந்தால் எட்டுக் கால் நீர்க்கரடியும் சிக்கும். இரண்டும் மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு நீளம் இருப்பதால் படம் கச்சிதமாக விழுகிறது.

1702இல் டச்சு நுண்ணோக்கி முன்னோடி லேவன்ஹூக் கூரைக் கால்வாயின் காய்ந்த தூசியில் நீர் ஊற்றி, இத்தகைய பிராணிகள் மறுபடி அசைவதைக் கண்டார். அவர் கையில் இருந்ததும் ஒற்றை லென்ஸ் கருவிதான். காய்ந்து கிடந்த காலத்தில் அந்தப் பிராணி உயிரோடு இருந்ததா? உண்ணவில்லை, அசையவில்லை, செத்ததும் இல்லை. புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர் என்று வகுத்த தொல்காப்பியம் கையாள்வது புலன்களை. புலனே ஓய்ந்த இந்த நிலை எந்த அறிவில் சேரும் என்பது சுவையான வழக்கு. ஒன்று கவனிக்க: ஸ்லைடிலேயே சட்டென்று காயவிட்டால் பல பிராணிகள் செத்துவிடும். உடலைச் சுருக்கிக்கொள்ள அவகாசம் வேண்டும். பாசியோடு நிழலில் மெல்ல உலரட்டும்.

டார்வினியப் பரிணாமத்துக்கு உட்படக்கூடிய, தன்னைத் தானே நிலைநிறுத்தும் வேதியியல் அமைப்பே உயிர் என்பது நாசாவில் பழகிய வரையறை. தனி ஒரு பிராணியை எந்த லென்ஸில் பார்த்தாலும் பரிணாமம் தெரியாது, ஆகவே இதில் கருவியைக் குறை சொல்ல முடியாது. தயிரின் பாக்டீரியாவைப் பார்க்கவென்று வாங்குகிறவர்களுக்குத்தான் ஏமாற்றம். அதற்கு 400 மடங்குக்கு மேல் பெரிதாக்கும் மேசை நுண்ணோக்கியே சரி. பாசி, குளத்து நீர், வெங்காயத் தோல் என்றால் தாராளமாக வாங்கலாம். கூடவே ஒரு பெட்டி கவர்ஸ்லிப்பும் வாங்கிவிடுங்கள், முதலில் உடைவது அதுதான்.