நோ கூடுதா, நகருதா? பிசியோவில் நரம்பு வலி ஏறும்போது எந்த வழி

பிசியோவுக்குப் போகத் தொடங்கி மூன்றாம் கிழமை முடிவில் என் இடது காலின் நோ சின்னவிரல் வரை இறங்கியிருந்தது. தொடங்கிய அன்று அது பின்தொடையோடு நின்றிருந்தது. சுகம் தேடிப் போன இடத்தில் வருத்தம் வளர்ந்தால் எவ்வளவு பயமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். இரவில் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிலில் புரண்ட நாட்கள் அவை.

ஆளுக்கொரு வழி சொன்னார்கள். "பயிற்சி எண்டா நோகத்தானே செய்யும், பல்லைக் கடிச்சுக்கொண்டு செய்" என்றார் கணவர். பெரியம்மாவின் மகன், திருகோணமலை திருக்கடலூரில் கரைவலை இழுக்கிற அண்ணா, எனக்கு இரண்டு மாதம் முன்பே இதே நாரி நரம்பு வருத்தத்தில் விழுந்தவர். "நான் நிப்பாட்டிப் போட்டன் தங்கச்சி, நீயும் நிப்பாட்டு" என்றார் அவர். மாமி எண்ணெய்ப் போத்தலோடு வந்தார். வேலையிடத்தில் ஒருவர் தான் போடுகிற குளிசையின் பெயரைத் துண்டில் எழுதித் தந்தார். எல்லாமே அக்கறையில் சொன்னவைதான். ஆனால் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை. நான் வைத்தியர் அல்ல. ஒன்றரை வருடமாக இதோடு இருந்து, கேட்டும் படித்தும் பார்த்தவள் என்ற அளவில் இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

பல்லைக் கடிப்பதும் படுத்துவிடுவதும்

முதலில் கணவர் சொன்ன வழியில்தான் போனேன். மல்லாந்து படுத்து, துவாயைப் பாதத்தில் கொழுவி, முழங்கால் மடங்காமல் காலை மேலே இழுக்கிற பயிற்சி. பின்தொடைத் தசை இறுகிக் கிடக்கிறது, இழுத்தால் இளகும் என்று ஓரிடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். இழுக்க இழுக்கக் காலில் சுள்ளென்று மின்னியது. அதைத் தசை இளகுவதன் அடையாளம் என்று நினைத்து இன்னும் இழுத்தேன். உண்மையில் அங்கே இழுபட்டது நரம்பு. நாரியில் இருந்து பிட்டம், தொடை வழியாக இறங்கும் சயாட்டிக் நரம்பு, முழங்காலை நீட்டிக் காலை உயர்த்தும்போது முழு நீளத்துக்கும் இறுகும். நரம்பு வருத்தமா என்று கண்டுபிடிக்க வைத்தியர்கள் செய்கிற சோதனையே காலை அப்படி உயர்த்திப் பார்ப்பதுதான். நோவை வரவழைத்துப் பார்க்கிற அந்தச் சோதனையை நான் தினம் மூன்று முறை எனக்கு நானே செய்திருக்கிறேன்.

தசைக்குச் சொல்கிற நியாயம் நரம்புக்கு ஏன் பொருந்தாது? நரம்புக்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவருகிற குழாய்கள் மிக மெல்லியவை. 1973இல் முயலின் கால் நரம்பை இழுத்துப் பார்த்த ஆய்வொன்றில், நீளம் 8 சதவீதம் கூடியபோதே இரத்த ஓட்டம் தடைப்படத் தொடங்கியது. 15 சதவீதத்தில் ஓட்டமே நின்றது. முயலின் அளவை அப்படியே மனிதருக்கு வைக்க முடியாது. என்றாலும் ஏற்கனவே வீங்கிக் கோபித்திருக்கிற நரம்பை நீண்ட நேரம் இழுத்துப் பிடிப்பது ஏன் கூடாது என்பது இதிலிருந்து விளங்கும்.

அண்ணாவின் வழி இதற்கு நேர் எதிர். இரண்டு நாள் பயிற்சி செய்தார், கால் எரிந்தது, விட்டுவிட்டார். ஒன்றரை மாதம் பாயில் கிடந்தார். முதற்கிழமை சுகமாகத்தான் இருந்தது என்கிறார். பிறகு தொடை மெலிந்தது, எழுந்து நின்றால் தலை சுற்றியது, குனிய நினைத்தாலே மனம் நடுங்கியது. நெதர்லாந்தில் இந்த வருத்தம் உள்ள 183 பேரைக் கொண்டு செய்து 1999இல் வெளியான ஆய்வில், ஒரு பகுதியினரை இரண்டு கிழமை படுக்கவைத்தார்கள். மற்றவர்களை இயன்றமட்டும் நடமாடவிட்டார்கள். பன்னிரண்டாம் கிழமையில் இரு பக்கத்திலும் 87 சதவீதமானவர்கள் தேறியிருந்தார்கள். படுத்தவர்களுக்கு மேலதிகமாக எதுவும் கிடைக்கவில்லை. நோ உச்சத்தில் நிற்கும்போது இரண்டொரு நாள் ஓய்வெடுப்பதில் பிழையில்லை. பாயோடு ஒட்டிவிடுவதுதான் பிழை.

இந்த இரண்டில் எது குறைந்த கேடு என்று கேட்டால், நான் செய்ததே கூடிய கேடு என்பேன். அண்ணா இழந்த பலத்தை மீட்கலாம். நான் கிளறிவிட்ட நரம்பு அடங்க நான்கு மாதம் எடுத்தது.

நோ எதுவரைக்கும் போகுது

பிறகு போன பிசியோ மிஸ், நான் கதிரையில் இருந்ததும் கேட்டது வேறு கேள்வி. "அக்கா, எவ்வளவு நோகுது எண்டு பிறகு சொல்லுங்க. எதுவரைக்கும் போகுது எண்டு முதல்ல சொல்லுங்க." என்னைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் உயர்த்தச் சொன்னார். நாரி கடுத்தது, நிறுத்தப் பார்த்தேன். "கால்?" என்று கேட்டார். அப்போதுதான் கவனித்தேன், விரலில் இருந்த எரிவு கெண்டைக்காலுக்கு ஏறியிருந்தது.

இதற்கு ஒரு கதை உண்டு. 1956இல் நியூசிலாந்தில் ரொபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட், கால் நோவோடு வந்த ஒருவரைக் கட்டிலில் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டு வேறு வேலையாகப் போனார். அதற்கு முன் வந்தவருக்காகத் தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டில் அது. முதுகு பின்னால் வளைந்தபடியே சில நிமிடம் கிடந்தவருக்குக் கால் நோ போய்விட்டது. அந்தத் தற்செயலில் இருந்து அவர் வளர்த்தெடுத்த முறையில் முக்கியமான அடையாளம் நோவின் அளவு அல்ல, அது நகருகிற திசை. காலில் இருந்து நாரியை நோக்கி நோ ஏறினால், நாரியில் கூடினாலும் நல்லது. நாரி சுகமாகிக் காலின் நுனிக்கு இறங்கினால், சுகம் போலத் தெரிந்தாலும் அந்த அசைவு ஆகாது.

எல்லோருக்கும் இந்தக் குப்புற வளைவு பொருந்தும் என்று நினைக்கவேண்டாம். மாமிக்கும் காலில் நோதான், ஆனால் அவருக்கு முதுகெலும்புக் குழாய் வயதால் ஒடுங்கிய வருத்தம். கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது உடம்பு முன்னால் சாய்வதால் சமாளிப்பார். இறங்கும்போது நாரி பின்னால் வளைய, கால் இரண்டும் விறைத்து, கோட்டை வாசலுக்கு வருமுன் இரண்டு தரம் உட்காருவார். எனக்கு மருந்தான வளைவு அவருக்கு நஞ்சு. அவருக்கு முழங்காலை நெஞ்சுக்கு மடிக்கிற பயிற்சிதான் இதம். பக்கத்து வீட்டாரின் பயிற்சித் தாளை வாங்கிப் பார்த்துச் செய்யாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

எனக்கு இரண்டாவதாகத் தந்தது நரம்பை இழுக்காமல் வழுக்கவிடுகிற அசைவு. கரைவலைக் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலும் நின்று இழுத்தால் கயிறு விறைக்கும். ஒரு முனையில் இழுக்க மறுமுனையில் விட்டுக்கொடுத்தால் கயிறு நகரும், விறைக்காது. கதிரையில் இருந்து முழங்காலை நீட்டும்போது தலையை மேலே நிமிர்த்தவேண்டும், காலை மடக்கும்போது நாடியைக் கீழே இறக்கவேண்டும். தலையையும் குனிந்து, காலையும் நீட்டி, பாதத்தையும் மேலே மடித்தால் அது இரண்டு முனையும் இழுக்கிற வேலை. கோபித்த நரம்புக்கு அது பின்னாளில்தான். அண்ணாவுக்கு இந்தக் கயிற்று உவமையைச் சொன்னபோது ஒரே தடவையில் விளங்கிக்கொண்டார்.

அளவும் பெரிய விஷயம். தசை நோவைப் போலல்ல, நரம்பு சில நேரம் பிந்தித்தான் பதில் சொல்லும். செய்யும்போது சும்மா இருந்துவிட்டு இரவு பத்து மணிக்கு எரியும். ஆகவே ஐந்து தடவை செய்துவிட்டு அடுத்த நாள் காலை வரை பார்ப்பது, அதற்குள் பழைய நிலைக்கு வந்திருந்தால் அதே அளவைத் தொடர்வது, வராவிட்டால் பாதியாக்குவது என்று எனக்குச் சொல்லப்பட்டது. இன்னொன்றை நானாகக் கண்டுபிடித்தேன். நிலாவெளியில் இருந்து பஸ்ஸில் குந்தியிருந்து வந்து, வாங்கில் இன்னும் ஒரு மணித்தியாலம் காத்திருந்தால், பயிற்சி தொடங்குமுன்பே கால் எரியத் தொடங்கிவிடும். அந்த எரிவையும் பயிற்சியின் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். மூதூர், கிண்ணியாப் பக்கத்தில் இருந்து வருகிறவர்களுக்கும் இதேதான். காத்திருக்கும்போது எழுந்து நின்றுகொள்ளுங்கள், யாரும் குறை நினைக்கமாட்டார்கள்.

குளிசையும் எண்ணெயும் வெந்நீரும்

துண்டில் எழுதித் தந்த குளிசை பிரகபாலின். நீரிழிவால் வருகிற பாத எரிவுக்கு அது உதவும் மருந்துதான். ஆனால் நாரியில் இருந்து இறங்கும் நோவுக்கு? அவுஸ்திரேலியாவில் 209 பேரைச் சேர்த்துச் செய்து 2017இல் வெளியான ஆய்வில், மருந்தில்லாத வெற்றுக் குளிசையைவிட அது கால் நோவைக் கூடுதலாகக் குறைக்கவில்லை. தலைச்சுற்று மட்டும் கூடியது. பிரித்தானியாவின் நைஸ் என்ற சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி 2020இல் சயாட்டிக்காவுக்கு, அதாவது இந்த நரம்பு நோவுக்கு, அதைக் கொடுக்கவேண்டாம் என்றே சொல்லிவிட்டது. பழக்கமாகிவிடுகிற மருந்து என்பதால் சட்டென்று நிறுத்தவும் முடியாது. ஏற்கனவே வைத்தியர் தந்து போடுகிறவர்கள் அவரைக் கேட்காமல் விடவேண்டாம், மற்றவர்கள் பிறருடைய குளிசையைத் தொடவேண்டாம். எனக்கு வைத்தியர் தந்தது இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். வாய் உலர்ந்தது, காலையில் மந்தமாக இருந்தது, ஆனால் நித்திரை வந்தது. நித்திரை வந்த நாட்களில்தான் பயிற்சியைப் பொறுமையாகச் செய்தேன்.

மாமியின் எண்ணெயையும் ஒத்தடத்தையும் நான் தள்ளவில்லை. நரம்புக்குக் காவலாக இறுகிக்கொண்ட நாரித் தசை சூட்டில் தளரும். அதற்குப் பின் அசைவு இலகு. கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் போனேன். அந்தியேட்டிக்கு மட்டுமே போய்ப் பழகிய ஏழு கிணற்றடியில் வாளியால் அள்ளி நாரியில் ஊற்றிக்கொண்டபோது உடம்பு முழுக்க இளகியது உண்மை. திரும்பி வந்த ஓட்டோக் குலுக்கலில் பாதி போனதும் உண்மை. வீட்டில் சூட்டுத் தண்ணீர்ப் போத்தலே எனக்குப் போதும். நரம்பை அழுத்தி உருவுகிற பிடித்தல் மட்டும் வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்தில், குறிப்பாக நீரிழிவு உள்ளவர்கள், சுடு ஒத்தடமே வைக்கக்கூடாது. வெந்துபோவது தெரியாது. சித்த மருத்துவத்தை நாடுவோர் பட்டம் படித்தவரைத் தேடிப் போகலாம். கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகத்திலேயே அது கற்பிக்கப்படுகிறது.

கடலைப் பற்றி இரண்டு வார்த்தை. உப்புவெளி மணலில் நடப்பது எனக்கு ஒத்துவரவில்லை. கரை சரிவு ஒரு காலை எப்போதும் தாழ்த்திவைக்கிறது, கால் புதைகிற மணல் கெண்டைக்காலை இழுக்கிறது. ஆனால் கடல் தட்டையாகக் கிடக்கிற மாதங்களில் இடுப்பளவு நீரில் நடந்தால் கால் தாங்குகிற பாரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். தரையில் ஐந்து நிமிடம் நடக்கமுடியாத நாட்களில் நீரில் இருபது நிமிடம் நடந்தேன். நான் முயன்றவற்றில் இதைப்போல மனதுக்குத் தெம்பு தந்தது வேறில்லை.

ஊசி, கத்தி

முதுகில் போடுகிற ஸ்டெரொயிட் ஊசி கடுமையான கால் நோவைக் கொஞ்சக் காலத்துக்குத் தணிக்கலாம். பயிற்சிக்கு இடம் பிடித்துக்கொடுக்கிற வழியாக மட்டும் அதைப் பார்க்கலாம். சத்திரசிகிச்சையைப் பற்றி 2007இல் நெதர்லாந்தில் இருந்து வந்த 283 பேரின் ஆய்வு சொல்வது தெளிவு: வெட்டியவர்களுக்கு நோ விரைவாகக் குறைந்தது, ஆனால் ஒரு வருட முடிவில் இரு தரப்பிலும் தேறியவர்கள் ஏறத்தாழ ஒரே அளவு. பொறுத்துப் பார்க்க விடப்பட்டவர்களில் 39 சதவீதமானோர் பிறகு வெட்டிக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பொறுக்கமுடியாமல் வெட்டுவது தோல்வி அல்ல.

ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாத நேரமும் உண்டு. சிறுநீர் கழிக்க முடியாமற்போவது அல்லது தெரியாமல் போவது, மலம் கட்டுப்படாதது, சைக்கிள் சீற்றில் படுகிற இடம் விறைப்பது, இரண்டு காலும் ஒரேயடியாகப் பலமிழப்பது என்றால் அன்றே, இரவானாலும், பெரியாசுபத்திரி அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். மணித்தியாலங்கள் பிந்தினாலும் திரும்பாத நட்டம் வரலாம். பாதம் தொங்கிச் செருப்பு கழன்று விழத் தொடங்கினாலும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்கவேண்டாம்.

அண்ணா வருகிற செவ்வாய்க்கிழமை திரும்பப் பிசியோவுக்குப் போகிறார். "நோகுது எண்டு மட்டும் சொல்லாதீங்க அண்ணா" என்று ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்தேன். உளைவு, கடுப்பு என்றால் பெரும்பாலும் தசை. எரிவு, விறைப்பு, சுள்ளென்று மின்னுவது, எறும்பு ஊர்வது என்றால் நரம்பு. எது, எதுவரைக்கும், அடுத்த நாள் காலையிலும் இருந்ததா என்று மூன்று கோடு போட்டிருக்கிறேன். முதற்பக்கத்தில் ஒரு காலை வரைந்து, இன்றைய எரிவு நிற்கிற கெண்டைக்காலில் அவரே புள்ளி வைத்திருக்கிறார்.