வண்ணக் கண்ணாடிக்குக் காவல்: மூடி வைப்பதா, மூச்சுவிட வைப்பதா?

புதுச்சேரி ரயில் நிலையத்துக்கு அருகே, 1907இல் கட்டி முடிக்கப்பட்ட திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவில் வெயில் வண்ணக் கண்ணாடி வழியே இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு, இவற்றைக் காக்க வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. எப்படிக் காப்பது என்பதில்தான் பங்கு மக்களிடையே வாக்குவாதம்.

2011இல் தானே புயலைக் கண்டவர்கள் முதலில் கேட்பது, வெளியே பாலிகார்பனேட் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட் வைத்து, ஓரங்களைச் சிலிக்கான் பசையால் அடைப்பது. விலை குறைவு, கல்லடிக்கும் உடையாது. ஆனால் வெயிலில் அது கண்ணாடியைவிட ஏழு மடங்கு விரிகிறது. ஓரம் பிளந்து மழைநீர் புகுந்தால் வெளியேற வழியில்லை. அடைபட்ட இடைவெளி பகலில் அடுப்பாகக் காய, கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டைகள் தளர்ந்து கண்ணாடி உப்பி வளைகிறது. ஒரு சிற்றாலயத்தில் அப்படி மூடிய ஜன்னலைத் திறந்தபோது உடனிருந்தேன். மஞ்சளித்த ஷீட்டின் உட்புறமெங்கும் நீர்முத்துகள். கண்ணாடியில் தீட்டியிருந்த புனிதரின் இமைக்கோட்டை லேசாகத் தொட்டேன்; கருப்புப் பொடியாக விரலோடு வந்துவிட்டது. அந்த விரலைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

கம்பி வலை காக்கைக்கும் பந்துக்கும் போதும். உப்புக் காற்றைத் தடுக்காது. இரும்பு வலையென்றால் துரு வடிந்து சுவரும் கறையாகும்.

என் தேர்வு, ஐரோப்பியப் பேராலயங்களில் பல பத்தாண்டுகளாகக் கையாளும் முறை. பழைய கண்ணாடியைத் தனிச் சட்டத்தில் ஏற்றிச் சில சென்டிமீட்டர் உள்ளே நகர்த்துவார்கள். அதன் பழைய இடத்தில் புதுக் கண்ணாடி மழையையும் உப்பையும் தாங்கும். மேலும் கீழும் விட்ட இடைவெளி வழியாக ஆலயத்தின் காற்றே நடுவில் புழங்கும். பழைய கண்ணாடியின் இருபுறமும் ஒரே வெப்பநிலை என்பதால் நீர் கோப்பது வெகுவாகக் குறையும். செலவு அதிகம், தேர்ந்த கையும் வேண்டும். எனவே கடல் பார்த்த ஜன்னல்களில் தொடங்கலாம்.

ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கண்ணாடியின் உட்புறம் வியர்க்கும். ஏ.சி. பொருத்தினால் இங்கே வெளிப்புறம் வியர்க்கும்: 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால், சுமார் 26 டிகிரிக்குக் குளிர்ந்த கண்ணாடியிலேயே நீர் படியும். வெறும் மின்விசிறி போதும் என்பேன்.

ஏற்கெனவே ஷீட் அடைத்த பங்குகள், ஐப்பசி மழைக்கு முன் கீழோரச் சிலிக்கானை அகற்றி நீர் வடிய வழிவிடுங்கள். மேலே சாரல் புகாத மூடியுடன் ஒரு திறப்பும் வையுங்கள். ஒரு நாள் வேலைதான்.