எசெக்ஸ் ஆவணக் காப்பகம்: ஆர்ச்டீக்கன்களைத் தேடிப் போகிறவர்களுக்கு

சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பழைய பத்திரம் எதைப் பார்த்தாலும் கண் முதலில் முத்திரைக்கும் ஓரக் குறிப்புக்கும்தான் போகும். மகள் குடும்பம் இங்கிலாந்தில் இருப்பதால், செம்ஸ்ஃபோர்டு நகரின் வார்ஃப் ரோட்டில் உள்ள எசெக்ஸ் ஆவணக் காப்பகமும் அதன் இணையச் சேவையும் எனக்குப் பழக்கமாயின. ஆர்ச்டீக்கன், அதாவது பேராயருக்கு (பிஷப்) கீழே ஒரு பகுதியின் திருச்சபைகளை மேற்பார்வையிட்ட குருவானவர், உண்மையில் என்ன வேலை செய்தார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு இந்த இடத்தை மனதாரப் பரிந்துரைக்கிறேன்.

தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்த எனக்கு அந்தப் பதவிப் பெயர் புதிதல்ல. 1813 ஆம் ஆண்டுச் சட்டமே கல்கத்தா பேராயருக்குக் கீழே சென்னைக்கும் ஓர் ஆர்ச்டீக்கனை ஏற்படுத்தியது. ஆனால் அந்தப் பதவியின் வேர் இங்கிலாந்தில் நார்மன் காலம் வரை போகிறது. இங்கிலாந்தை வென்ற நார்மன் மன்னர் முதலாம் வில்லியம் திருச்சபை வழக்குகளை ஊர் மன்றங்களிலிருந்து பிரித்தபோது, பேராயருடன் ஆர்ச்டீக்கனையும் பெயர் சொல்லித்தான் ஆணையிட்டார். பின்னாளில் தலைமைப் பேராயரான தாமஸ் பெக்கெட் 1154 இல் கேன்டர்பரியின் ஆர்ச்டீக்கன் ஆனார். இவையெல்லாம் எந்த வரலாற்று நூலிலும் கிடைக்கும். செம்ஸ்ஃபோர்டில் கிடைப்பது வேறு: அந்த அலுவலகத்தின் அன்றாடம்.

எசெக்ஸ் அப்போது லண்டன் திருமண்டலத்தை, அதாவது லண்டன் பேராயரின் ஆளுகைப் பகுதியை, சேர்ந்தது. பேராயர் ஒவ்வொரு கிராமத்துக்கும் வந்து பார்க்க முடியாது. அவருடைய கண்ணாக இருந்தவர்கள் ஆர்ச்டீக்கன்கள். எசெக்ஸ் ஆர்ச்டீக்கன், கொல்செஸ்டர் ஆர்ச்டீக்கன் இருவரின் நீதிமன்றப் பதிவேடுகளும் இங்கே இருக்கின்றன. பட்டியலில் டி/ஏஇ (D/AE) என்று தொடங்கினால் முன்னவர், டி/ஏசி (D/AC) என்றால் பின்னவர். இந்த இரண்டு குறியீடுகளையும் மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தேடல் முடிந்துவிடும்.

முதலாம் எலிசபெத் காலத்து வழக்குப் பதிவேடுகளில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். ஒவ்வொரு சேகரத்திலிருந்தும் (ஊர்ச் சபை) சர்ச் வார்டன்கள், அதாவது ஆலயக் காரியங்களைக் கவனிக்கும் சபையார், வந்து குறை சொல்ல வேண்டும்: கூரை ஒழுகுகிறது, வேதப் புத்தகம் கிழிந்திருக்கிறது, இன்னார் ஞாயிறு ஆராதனைக்கு வருவதில்லை, இன்னார் அறுவடைக்குப் போய்விட்டார், இன்னாரும் இன்னாரும் மணமாகாமல் சேர்ந்து வாழ்கிறார்கள், ஒருத்தி இன்னொருத்தியைச் சூனியக்காரி என்று ஏசினாள். பெரும்பாலும் ஆர்ச்டீக்கன் நேரில் உட்காருவதில்லை. அவர் சார்பில் சட்டம் படித்த அதிகாரி ஒருவர் விசாரிப்பார். அழைப்பாணையைக் கொண்டுபோய்க் கொடுக்கத் தனிச் சேவகர் உண்டு. குற்றம் உறுதியானால் வெள்ளைத் துணி போர்த்தி, கையில் வெள்ளைக் கோலுடன் சபையார் முன் நின்று பாவ அறிக்கை செய்ய வேண்டும். வராதவரைச் சபை விலக்கம் செய்வார்கள். சடங்கு வாசகம் லத்தீனில் ஓடிக்கொண்டே வந்து, ஏசிய வார்த்தை வரும் இடத்தில் சட்டென்று ஆங்கிலத்துக்கு மாறும். நானூறு ஆண்டுக்கு முந்தைய கிராமத்து வாய்ப்பேச்சு அப்படியே காதில் விழும். ஏழை எளியவர்களின் குரலை இவ்வளவு பக்கத்தில் வேறு எந்த அரசுப் பதிவேட்டிலும் நான் கேட்டதில்லை. அவர்களை அவமானப்படுத்திய அதே அலுவலகம்தான் அவர்களுடைய பேச்சையும் காப்பாற்றித் தந்திருக்கிறது என்பது என்னை மிகவும் பாதித்தது. 1641 இல் இந்த நீதிமன்றங்கள் நின்றுபோய், இடையில் ஒழிந்திருந்த மன்னராட்சி திரும்பிய பிறகே மீண்டும் கூடின.

வாசிப்பு அறையில் பென்சில் மட்டும்தான். ஊழியர்கள் பொறுமைசாலிகள், கையெழுத்தில் திணறியபோது ஒருவர் அருகில் வந்து, அந்தக் காலத்து ‘சி’, ‘ஆர்’ எழுத்துகளின் வடிவத்தைத் தாளில் வரைந்து காட்டினார். அந்த உதவியால் பக்கம் திறந்துகொண்டது.

வீட்டிலிருந்தே பார்க்க விரும்புகிறவர்களுக்கு உயில்கள்தான் வரம். 1858 ஜனவரி வரை உயிலை உறுதிசெய்வது திருச்சபை நீதிமன்றங்களின் வேலை. ஒரே ஆர்ச்டீக்கன் எல்லைக்குள் சொத்து வைத்திருந்த விவசாயி, தையற்காரர், விதவை ஆகியோரின் உயில்கள் அந்த ஆர்ச்டீக்கனின் நீதிமன்றத்துக்குத்தான் வந்தன. கட்டில், செம்புப் பானை, பசு மாடு என்று பெயர் சொல்லிப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அடியில் உறுதிசெய்த குறிப்பு 1733 வரை லத்தீனில் இருக்கும். பதிவுத் துறைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் குறிப்பைத் தவறவிடாதீர்கள். தேதியும் நிறைவேற்றுநர் பெயரும் அங்கேதான்.

பட்டியலில் தேடுவது இலவசம். உயிலின் படத்தைத் திறக்கத்தான் சந்தா வேண்டும். எனவே ஊரையும் பெயரையும் முதலில் தேடி, வேண்டியதைக் குறித்துக்கொண்டு, பிறகு குறுகிய காலச் சந்தா எடுப்பது சிக்கனம். பெயர், ஊர், தொழில் ஆகியவற்றைக் கொண்டு தேடலாம், உயிலின் உள்ளே இருக்கும் சொற்களைக் கொண்டு தேட முடியாது. ஒவ்வொன்றையும் கண்ணால்தான் படிக்க வேண்டும். செம்ஸ்ஃபோர்டுக்கே போக முடிந்தால் வாசிப்பு அறைக் கணினியில் படங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

தேடும் ஆள் வசதியானவர் என்றால் இங்கே கிடைக்காமலும் போகலாம். ஐந்து பவுண்டுக்கு மேற்பட்ட சொத்து இரண்டு திருமண்டலங்களில் இருந்தால் உயில் கேன்டர்பரி தலைமைப் பேராயரின் நீதிமன்றத்துக்குப் போய்விடும்; அவற்றை லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடுங்கள்.