பாடமா, முகாமா, பக்கத்து மரத்தடியா?

குழந்தைகளை இயற்கையோடு பழக்க நினைக்கும் பள்ளிகள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைத்தான் பிடிக்கின்றன: வகுப்பறையில் சூழல் பாடம், வருடத்துக்கு ஒரு முறை சில நாள் இயற்கை முகாம், பள்ளியை ஒட்டிய திறந்தவெளியில் வாராவாரம் ஒரு மணி நேரம். கையிலிருக்கும் நேரமும் பணமும் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் நான் மூன்றாவதைத்தான் எடுப்பேன்.

பாடத்தை நம்புகிறவர்களின் வாதம் எளிது: தெரிந்தால் அக்கறை வரும், அக்கறை வந்தால் நடத்தை மாறும். 1977-இல் ஜார்ஜியாவின் திபிலீசி நகரில் யுனெஸ்கோவும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து கூட்டிய சூழல் கல்வி மாநாடு, அறிவோடு விழிப்புணர்வு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு எல்லாவற்றையும் இலக்காக வைத்தது. வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் அறிவு மட்டும்தான். தேர்வில் கேட்க வசதியானது அதுதானே. அறிவிலிருந்து நடத்தைக்கு நேர்வழி கிடையாது என்று அமெரிக்கச் சூழல் கல்வி ஆய்வாளர்கள் ஹங்கர்ஃபோர்டும் வோல்க்கும் 1990-லேயே எழுதிவிட்டார்கள்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது 2017-இல் ஓட்டோவும் பென்சினியும் வெளியிட்ட ஆய்வு. பெர்லினில் 4 முதல் 6-ஆம் வகுப்பு வரை படிக்கும் 255 குழந்தைகளிடம் கேட்டிருக்கிறார்கள். சூழலைக் காக்கும் பழக்கத்தில் ஒரு குழந்தைக்கும் இன்னொரு குழந்தைக்கும் உள்ள வேறுபாட்டில் 69 சதவீதத்தை இயற்கையோடுள்ள பிணைப்பு விளக்கியது. அறிவு விளக்கியது 2 சதவீதம். பழக்கத்தைப் பற்றிச் சொன்னவர்கள் குழந்தைகளே. எல்லாவற்றையும் அளந்ததும் ஒரே சமயத்தில். ஆகவே பிணைப்புதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அப்படியிருந்தும் 69 எங்கே, 2 எங்கே!

குழந்தைகளின் நினைவாற்றலில் குறை ஒன்றும் இல்லை. 2002-இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில் 8 வயதுக் குழந்தைகள் போக்கிமான் பாத்திரங்களில் சுமார் 78 சதவீதத்தை அடையாளம் காட்டினார்கள். தங்கள் நாட்டு உயிரினங்களில் 53 சதவீதம்தான். தினமும் பழகுவது மனதில் நிற்கிறது.

முகாமுக்கு வருவோம். அதன் பக்கமும் வலுவான சான்று உண்டு. வெல்ஸும் லெக்கிஸும் 2006-இல் அமெரிக்க நகரங்களில் வாழும் சுமார் 2,000 பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வில், 11 வயதுக்கு முன் காட்டில் நடந்தது, கூடாரம் போட்டுத் தங்கியது போன்ற அனுபவங்கள், பூப்பறித்தல் செடி வளர்த்தல் போன்றவற்றைவிட, பிற்காலச் சூழல் அக்கறையோடு நெருக்கமாகச் சேர்ந்திருந்தன. ஆனால் முகாம் முடிந்த பிறகு என்ன ஆகிறது? ஜெர்மனியில் நான்கு நாள் முகாமுக்குப் போய்வந்த மாணவர்களை நான்கு வாரம் கழித்து மறுபடி சோதித்தார்கள். 9, 10 வயதுக்காரர்களிடம் கூடிய பிணைப்பு நிலைத்திருந்தது. 11 முதல் 13 வயது வரை இருந்தவர்களிடம் அது நிற்கவில்லை. வருடத்துக்கு ஒரு முறை என்றால் இந்த வயது வாசல் சீக்கிரம் சாத்திக்கொள்கிறது.

பக்கத்து மரத்தடியில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒரு குழியானைப் பூச்சியைப் பார்த்திருக்க மாட்டார்கள். மழை படாத மணலில் புனல் போல ஒரு சிறு குழி. எறும்பு விளிம்பில் கால் வைத்ததும் மணல் சரிகிறது. அடியில் மறைந்திருக்கும் பூச்சி மணலை வாரி மேலே வீசுகிறது. எறும்பு ஏறப் பார்க்கிறது, மறுபடி சறுக்குகிறது. தன் மூச்சுக்காற்றில் குழி கலைந்துவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு குப்புறப் படுத்துப் பார்க்கிறது ஒரு குழந்தை. அடுத்த வாரம் ஓடி வந்து முதலில் தேடுவது அந்தக் குழியைத்தான். “இது பெரிசானா என்ன ஆகும்?” என்று கேட்கும்போது, இறக்கை முளைத்துத் தும்பி போலப் பறக்கும் என்ற பாடத்தைச் சொன்னால் அது மறக்குமா? முகாமில் பார்த்த பூச்சியை அடுத்த வாரம் போய்ப் பார்க்க வழியில்லை.

பிரிட்டனில் 2017-இல் வந்த இன்னொரு ஆய்வும் இதையே காட்டுகிறது: தொடுதல், அழகை ரசித்தல், உணர்ச்சி, பொருள் காணுதல், பரிவு ஆகியவை பிணைப்பை வளர்க்கின்றன, அறிவை மட்டும் சார்ந்த செயல்பாடுகள் அப்படி வளர்க்கவில்லை.

வெளியே போனால் படிப்பு கெடும் என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் 2018-இல் மிங் குவோ குழுவினர் 9, 10 வயதுப் பிள்ளைகளை 10 வாரம் கவனித்தார்கள். வெளியில் நடந்த பாடத்துக்கு அடுத்து வந்த வகுப்பில், கவனம் சிதறிய பிள்ளைகளைத் திருப்ப ஆசிரியர் பாடத்தை நிறுத்தவேண்டி வந்த தடவைகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. இரண்டே வகுப்புகள், சிறிய ஆய்வுதான்.

சிரமம் இல்லாமல் இல்லை. சில குழந்தைகள் பூச்சியைக் கண்டாலே அருவருப்பார்கள். அவர்களுக்குப் பல வாரம் பிடிக்கும், அவசரப்படுத்தக் கூடாது. சில வளாகங்களில் சிமென்ட் தரையைத் தவிர ஒன்றும் இருக்காது; அங்கே ஒரு மூலையைப் பெயர்த்து மண்ணைத் திறந்துவிட வேண்டும்.

முகாமுக்கு ஏற்கெனவே பணம் ஒதுக்கியாகிவிட்டது என்றால் 9, 10 வயது வகுப்பை அனுப்புங்கள். திரும்பி வந்த வாரமே அந்தப் பிள்ளைகளை மறுபடி மரத்தடிக்குக் கூட்டிப்போங்கள்.